கை தூக்கி நிறுத்திய மலை

அந்த மலைச்சரிவு நகராது என்பது பேராசிரியரின் கண்டுபிடிப்பு. அதை நம்பித்தான் அரசாங்கம் அங்கே வீடுகள் கட்டிச் சாவி கொடுத்தது. ஆராய்ச்சி நிலையத்தில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்ததும் அதை ஆமோதித்துத்தான். மண்ணில் புதைத்த கருவி நகர்வைக் காட்டினால், 'கருவிக் கோளாறு' என்று அந்த அளவை நீக்கிவிடுவது அங்கே வழக்கம். இதற்குச் 'சுத்தம் செய்வது' என்று பெயர் வேறு!

அந்த நிலையத்தில் வேலை பார்த்த அவள் மட்டும் சுத்தம் செய்யவில்லை. அவளுடைய அக்கா குடியிருப்பது அந்தச் சரிவில்தான். போன வாரம் போயிருந்தபோது சமையலறைக் கதவு சாத்த வரவில்லை. அத்தான் தச்சரைத் திட்டிக்கொண்டே கதவை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்து புதுக் கருவி வைத்துப் பார்த்தாள். அதுவும் நகர்வைத்தான் காட்டியது.

பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டாள். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'.

"எனக்கும் அப்படித்தாம்மா வந்துச்சு. மெஷின் சரியில்லைன்னு தூக்கிட்டேன்."

அடுத்த அறையிலும் அதே பதில், மாடியிலும் அதே பதில். அவரவர் கருவிதான் கெட்டுவிட்டது என்று அவரவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். படித்தவர்களாம்!

"எல்லா மெஷினும் ஒரே பக்கமாவா கெட்டுப்போகும்? நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லுங்கண்ணா."

"கண்டிப்பா சொல்றேம்மா."

கூட்டத்தில் அவள் தன் அளவுகளைக் கட்டுரையாக எழுதி வைத்தாள். பேராசிரியர் கோபப்படவே இல்லை. "குடிவந்தவங்களைக் காலி பண்ணச் சொல்றதா? அமைச்சருக்கு என்னம்மா பதில் சொல்றது?"

"மண்ணு அமைச்சரைக் கேட்டுக்கிட்டா சார் நகருது?"

"சரி, வேற யாருக்காவது இந்த மாதிரி அளவு வந்திருக்கா?"

அடுத்த அறைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அண்ணன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். மலை நகருமா நகராதா என்பதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். நகராது என்று அவளுடையதைத் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன. அண்ணன் கை பாதிதான் எழுந்தது. அதையும் முழுசாகவே எண்ணிக்கொண்டார்கள். அவள் கட்டுரை குப்பைக்குப் போனது.

வெளியே வந்ததும் அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார்; அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உங்க அக்காகிட்ட சொல்லி அந்த வீட்டை சீக்கிரம் வித்துடச் சொல்லு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்குண்ணா விக்கிறது?"