நலங்கு வைத்த பிறகு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளையில் மலிகா, தெருவுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள்: "பொண்ணுக்கு ஜலதோஷம்." அந்த ஒன்றே அவளை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

நலங்கு வைத்த மறுநாள் எழுந்தபோது மகள் ரூமானாவுக்கு வலது காது கேட்கவில்லை. உள்ளே ஓயாத இரைச்சல் என்றாள். நலங்கு வைத்த பெண் நிக்காஹ் வரைக்கும் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் தெருவே கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி கடலூருக்கு, மாப்பிள்ளை மீரான் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? மலிகா பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். மூத்தவன் நசீருக்கும் ஒருமுறை காது அடைத்தது, அழுக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது. இதுவும் அதேதான் என்று தன்னையே ஏய்த்துக்கொண்டாள். அடுப்படிக்கும் மகளின் அறைக்கும் நடையாய் நடந்தாள்.

"இப்ப கேக்குதா?"

"இல்ல உம்மா."

நாலாம் நாள் ரூமானா தலை சுற்றிக் கொல்லையில் விழுந்தாள். அதற்கு மேல் மலிகாவுக்குத் தாங்கவில்லை. மகளைப் புர்க்காவில் மூடிப் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனாள். தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று வழியெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

காது டாக்டரம்மா எண்ணெயைத் துடைத்துவிட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார். ரெண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே ரூமானாவின் நெற்றியில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

ரூமானா இடது காதைக் காட்டினாள். வெறும் அடைப்பு என்றால் அந்தச் சத்தம் அடைத்த வலது காதில்தான் கேட்டிருக்கும்; டாக்டரம்மாவின் முகம் மாறியது. மெஷின் சோதனையும் அதையேதான் சொன்னது.

"அழுக்கு அடைச்சிருந்தா எடுத்துடலாம். செவிப்பறைல ஓட்டைன்னா ஆபரேஷன் பண்ணலாம். இது நரம்பும்மா, எண்ணெய் அங்க போவாது. ஸ்டீராய்டு மாத்திர இன்னிக்கே ஆரம்பிக்கணும். அதுல சரியாவலன்னா காதுக்குள்ள ஊசி. அப்பவும் திரும்பலன்னா காது கேக்குற மெஷின் மாட்டிக்கலாம். மொத நாளே வந்திருந்தா திரும்புற வாய்ப்பு ஜாஸ்தி. ஏன் வரல?"

"மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சிடும்னு..." என்றாள் மலிகா.

ரூமானா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கு மொத நாளே தெரியும் உம்மா. போன்ல சொன்னேன். கல்யாணத்தத் தள்ளிக்கூட வச்சிக்கலாம், ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு. நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்னாரு. அவரு வந்தா நீங்க சொன்ன பொய் வெளிய வந்துடுமேன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

பெற்றவளின் மானத்துக்காகப் பிள்ளை காதைக் கொடுத்திருக்கிறாள். பாவி, நானெல்லாம் ஒரு தாயா என்று மலிகா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு மருந்துக் கடை வாசலிலேயே மகளின் போனைப் பிடுங்கி மீரானைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஜலதோஷம்னு சொன்னது பொய். பொண்ணுக்குக் காது கேக்கல. திரும்புமான்னு டாக்டருக்கே தெரியல."

மீரான் வேறெதுவும் கேட்கவில்லை.

"மாத்திர போட்டாச்சா மாமி?"

மலிகா கையைப் பார்த்தாள். மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. போனை மகளிடம் திணித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலுக்காக அவள் தெருவின் குறுக்கே ஓடினாள்.