கல்லை ஒட்டி ஏதோ ஒன்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் என் தம்பி ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில், கல்லை ஒட்டி, தேங்காயளவில் கொழகொழவென்று ஏதோ ஒன்று. "பாப்பா தொட்டுட்டா. கையெல்லாம் அரிக்குதுங்கிறா. என்னண்ணா இது?" நான் கதை எழுதுகிறவன். எங்கள் வீட்டில் அதற்கு எல்லாம் தெரிந்தவன் என்று அர்த்தம். உடனே பதில் போட்டேன். (என்ன பதில் என்பது இப்போது வேண்டாம்.)

2

குளம் அமைதியாக இருந்தது. அதன் அடியில் மரணம்

இல்லை, இப்படித் தொடங்கினால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள் ஒருத்தி. அவளுடைய அக்கா தன் வீட்டுக் குளத்திலிருந்து அந்தக் கொழகொழப்பில் ஒரு துண்டை ஜாம் பாட்டிலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் தொட்ட அக்காவின் நான்கு வயது மகளுக்குக் கை அரிக்கிறது. குளத்தில் இருபத்து மூன்று மீன்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குழந்தை பெயர் வைத்திருக்கிறது. அக்கா ப்ளீச்சிங் பவுடரோடு கரையில் நிற்கிறாள். விஷம் என்றால் கொட்டிவிடுவாள், மீன்களும் சேர்ந்து போகும்.

(குழந்தைக்கு முதலில் கடும் காய்ச்சல் வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "உங்க கதை நகரணும்னு பச்சப்புள்ளைய ஏன் படுத்துறீங்க?" என்றாள். அரிப்போடு விட்டேன்.)

3

நுண்ணோக்கியில் நூல் மாதிரி ஒரு புழு நெளிந்தது. அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு: பார்த்து முடித்ததும் மீதியை ப்ளீச்சிங் வாளியில் கொட்டிவிட வேண்டும். யோசிக்கும் முன்பே அவள் கை பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டது.

அதன் பிறகுதான் மேஜையைப் பார்த்தாள். சிவப்பு நாடா சுற்றிய சொட்டுக்குழாய். காலையில் சாக்கடைத் தண்ணீருக்கு எடுத்தது, கழுவவில்லை. இதற்கும் அதையே எடுத்திருக்கிறாள். அப்படியானால் அந்தப் புழு குளத்தினுடையதா, சாக்கடையினுடையதா?

போன் அடித்தது.

"என்னடி, பாத்தியா?"

"பாத்தேன்க்கா…"

"விஷமா? சட்டுனு சொல்லு. சொறிஞ்சு சொறிஞ்சு இவ கையில ரத்தம் வருது. கொட்டட்டுமா?"

"இன்னொரு துண்டு எடுத்துட்டு வந்தா…"

"மறுபடியும் அதைத் தொடச் சொல்றியா? இப்பதானே பாத்தேன்னு சொன்னே!"

4

"ஒண்ணுமில்லக்கா, விடு." இப்படி ஒரு முடிவு எழுதினேன். அந்தக் குழந்தையின் கை ராத்திரிக்குள் வீங்கினால்? அழித்துவிட்டேன்.

"கொட்டிடுக்கா." இதை மளமளவென்று எழுத முடிந்தது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த முடிவு அதுதான். தம்பிக்கு நான் போட்ட பதில்: "விஷப் பூஞ்சை. உடனே ப்ளீச்சிங் போடு." படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் மீன்களெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. அந்தக் கொழகொழப்பு ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் சாதுவான கூட்டம் என்று விவரம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார். அரிப்பு கம்பளிப்பூச்சியால் வந்தது. தம்பி மகள் இன்னமும் போனில், "பெரியப்பா, என் புள்ளிக்காரி மீன் எங்க?" என்று கேட்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஒன்று உண்டு. "எனக்குத் தெரியலக்கா." இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். அவள் வாயிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை. என் வாயிலிருந்தும்தான்.

5

அக்கா ப்ளீச்சிங் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். குழந்தை கரையில் குந்தி, பெயர் சொல்லிச் சொல்லி மீன்களைக் கூப்பிடுகிறது. பரிசோதனைக்கூடத்தில் போனைப் பிடித்தபடி தங்கை வாயைத் திறக்கிறாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன்.