ஏற நாலு, இறங்க மூணு

இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டாள், அதற்கும் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நீலக் கால்சட்டை நுரையோடு புரண்டு புரண்டு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பை ஒரு தடவை தலைகாட்டி, அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பைக்குள் ஏழு டிக்கெட். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவளே தன் கையால் வைத்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். முகம் கழுவிவிட்டு வருவதற்குள், கதவில் தொங்கிய கால்சட்டையை அம்மா உருவி மெஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"என்னடி, மெஷின் முன்னாடி படம் பாக்குற மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்தபடியே.

"ஒண்ணும் இல்லம்மா. சத்தம் கேட்டுச்சு."

"கட்டக் கட்டக்னா? அது பெல்ட்டு தளர்ந்திருக்கு. போன வாரம்தானே உங்கப்பா உனக்குப் பாடம் எடுத்தாரு, என்னமோ பரீட்சை வைக்கப்போற மாதிரி."

பெரியவள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள். வீட்டில் அவளை எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள், வயது பதினைந்து. அவளுக்குக் கீழே தம்பி பட்டாணி, ஏழு வயது, வாய் மட்டும் எழுபது. அவளைக் கலக்கியது பெல்ட்டு இல்லை. அந்தப் பாடம்தான்.

எல்லாம் ஆரம்பித்தது மலையிலிருந்து. ஊருக்கு நடுவில் நிற்கும் அந்த மலையையும், உச்சியில் கம்பி வேலி போட்ட மேடையையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதன் அடியிலேயே குடியிருக்கும் இவர்கள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். மலைப் பேச்சை எடுத்தாலே, "வாரம் பூரா ஏறி இறங்குறேன், லீவு நாள்லயும் ஏறணுமா?" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, "வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மலைக்குப் போலாமா?" என்றார்.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பட்டாணி மேஜைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தான்.

அன்று ராத்திரியே அம்மா திட்டம் போட ஆரம்பித்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. அரை மணிக்கு ஒரு ஆள் என்று எழுதி எழுதிப் பழகியவள் உல்லாசப் பயணத்தையும் அப்படித்தான் எழுதினாள். பத்தரைக்கு ஏறுதல். பதினொன்றுக்குத் தொலைநோக்கி. பதினொன்றரைக்குப் படம் எடுத்தல். இரண்டு மணிக்கு "சும்மா இருத்தல்" என்றுகூட ஒரு வரி இருந்தது. மூன்று மணிக்கு இறங்குதல். அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஏறியது.

அந்தத் தாளைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் பெரியவள் வேறு சிலதைப் பார்த்தாள். மின்பெட்டியின் ஒவ்வொரு சுவிட்சுக்கும் அடியில் அப்பாவின் அச்சுக் கோத்த மாதிரி எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: குளியலறை, சமையலறை, மோட்டார். இத்தனை வருஷம் அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்த பெட்டி. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு வீட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிமுகப்படுத்தினார். இது தண்ணி மோட்டார், இது ஃப்ரிட்ஜ், இது வந்தால் பயப்படாதே, அது வந்தால் மெயினை அணைத்துவிடு. கடைசியில் தன் சாவிக்கொத்திலிருந்து மாடிக் கதவுச் சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு எதுக்குப்பா?"

"சும்மா வச்சுக்கோ கண்ணு. வீட்ல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ரெண்டு பேர் என்றால் யார் யார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே அவள் சாவியைப் பைக்குள் போட்டாள்.

அப்புறம் அந்த ஃபோன். மணி அடித்தால் அப்பா வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று பேசினார். குப்பைக் கூடையோடு அவள் கதவைத் திறந்தபோது, "சரி சரி, அப்புறம் பேசுறேன்" என்று அவசரமாக வைத்தார். யாரு என்று அவள் கேட்கவேயில்லை. அவராகவே, "ஆபீஸு" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர் இல்லை அவள் அப்பா.

அதனால்தான் இன்று சாயங்காலம் கால்சட்டைப் பையில் கையை விட்டாள். ரோப் கார் டிக்கெட். ஏறுவதற்குப் பச்சை, இறங்குவதற்கு மஞ்சள். பச்சை நாலு. மஞ்சள் மூன்று. ஒன்று தரையில் விழுந்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில்கூடத் தவழ்ந்து பார்த்தாள். மூன்றேதான்.

வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அப்பா பால் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். அந்தப் பெண் இன்றுவரை பாலைத் தொடுவதில்லை.

மெஷின் ஒரு வழியாக நின்றது. அம்மா கதவைத் திறந்ததும் பச்சையும் மஞ்சளுமாகக் கூழ் கொட்டியது.

"அடப்பாவமே! என்னங்க, இங்க வாங்க! உங்க டிக்கெட்டைத் துவைச்சுத் தொலைச்சிட்டேன். பையைக் காலி பண்ணிட்டுத் தொங்கவிடுங்கன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

அப்பா வந்தார். கோபப்படவில்லை. கால்சட்டையைக் கையில் வாங்கி, பழுது பார்க்க வந்த ஆள் மாதிரி ஒவ்வொரு பையாக விரலை விட்டுப் பார்த்தார்.

"பின்பையிலதான் வச்சேன்," என்றார் மெதுவாக. "கூழ் முன்பையில இருக்கு."

"தண்ணியில நீந்திப் போயிருக்கும்," என்றான் பட்டாணி.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே பெரியவளைப் பார்த்தார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூரையில் இருந்த விரிசலை அக்கறையோடு ஆராய்ந்தாள்.

"போனா போகுது," என்றார். "நாளைக்கு வேற வாங்கிட்டு வர்றேன்."

அன்றைக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். கவுன்டரில் இருந்தவன் எண்ணுவதில் கோட்டை விட்டிருப்பான். நாளைக்கு நாலும் நாலும் எட்டாக வரும். அவள் எண்ணிப் பார்த்தது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேலும் ஒரு மனுஷன் மூன்று வாங்குவாரா?

மறுநாள் அப்பா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் டிக்கெட்டுகளை மேஜையில் வைத்தார். பட்டாணிக்கு எதையாவது எண்ணக் கிடைத்தால் போதும்.

"ஏற ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இறங்க ஒண்ணு, ரெண்டு, மூணு." மறுபடி எண்ணினான். "அப்பா, உங்களை ஏமாத்திட்டாங்க!"

"யாரும் ஏமாத்தலடா. நான் படி வழியா இறங்கி வர்றேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களா? மூணு மாடி ஏறுனாலே வாசல்ல நின்னு மூச்சு வாங்குறீங்க. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லைன்னு ஊரே சிரிக்குது."

"அது ஏறுறதுக்கு. இறங்குறதுக்கு என்ன மூச்சு?"

"தொப்பை முன்னாடி போகும், நீங்க பின்னாடி வருவீங்க," என்று அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் போனாள். "சரி, மூணு மணிக்கு நாங்க மூணு பேரும் இறங்குறோம். உங்களுக்கு எத்தனை மணின்னு போடட்டும்?"

"எனக்கு ஒண்ணும் போடாத."

"ஏதாவது போடணும்ல?"

"விடேன்."

அம்மா ஒரு கோடு மட்டும் கிழித்தாள். கிழித்து முடித்த பிறகும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "டப்பாவெல்லாம் கழுவணும்," என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவளுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

அவளுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளி விடுமுறையில் அப்பா அவளைத் தன்னோடு ஒரு பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் வேலை வேறு கம்பெனிக்குக் கை மாறும் நாள். புது மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். அப்பா எல்லாச் சுவிட்சுக்கும் சீட்டு ஒட்டினார். புது ஆளை லிஃப்டில் உச்சி மாடி வரைக்கும் கூட்டிப் போய், வழி நெடுக ஒவ்வொரு சத்தமும் எது என்று சொல்லிக் கொடுத்தார். மேலே போனதும் சாவியைக் கையில் வைத்தார். அந்த ஆள் லிஃப்டிலேயே இறங்கினார். அப்பா மட்டும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு பதினாலு மாடியும் படியில் இறங்கினார்.

"நாமளும் அதுலயே போயிருக்கலாம்லப்பா? கால் வலிக்குது."

"ஒப்படைச்ச பிறகு அதுல ஏறக்கூடாது கண்ணு. எங்க வேலையில அப்படித்தான். ஏறும்போது நம்ம வண்டி, இறங்கும்போது அவங்க வண்டி."

சீட்டு. சத்தம். சாவி. உச்சி. படி.

அப்பா வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா, படியில வந்தா எவ்வளவு நேரத்துல கீழ சேருவீங்க?"

குழாயை மூடவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. "அது படியைப் பொறுத்தது," என்றார்.

"நானும் உங்ககூட படியில வரட்டுமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "உனக்குத்தான் டிக்கெட் இருக்கே," என்றார் அப்பா. அவள் தலையில் ஈரக் கையை ஒரு நிமிஷம் வைத்தார், எடுத்தார், துண்டைத் தேடிப் போய்விட்டார்.

மேஜையில் ஏழு டிக்கெட்டும் கிடந்தன. மூலையில் மெஷின், வாயைத் திறந்தபடி, அடுத்த சுமைக்குக் காத்திருந்தது. அவள் டிக்கெட்டுகளைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை எந்தப் பை என்று யோசிக்க வேண்டிய அவசியமில்லை, அப்படியே உள்ளே போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மலை இல்லை என்று ஆகிவிடும்.

ஆனால், அவர்கள் யாரும் மேலே ஏறாமலே இருந்துவிட்டால், அப்பாவால் ஒப்படைக்க முடியாமல் போகுமா? இல்லை, அவருக்கு இறங்குவதற்கு வாசலுக்கு வெளியே இருக்கிற இந்த மூன்று மாடிப் படியே போதுமா?