கஸ்தூரி டீ போடாத ஞாயிறு

1

இந்தக் கதை எனக்கு மொட்டை மாடியில் கிடைத்தது. கீழ்ப்போர்ஷனில் தனியாகக் குடியிருக்கும் கஸ்தூரி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தபடி கேட்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்றதற்கு, கையிலிருந்த புடவையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எழுதிக்கோம்மா. பேர மாத்திக்கோ. ஆனா கூட்டத்துக்குள்ள பேசுனது உள்ளயே இருக்கணும். அது எங்க ரூலு."

பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றது எவ்வளவு கஷ்டம் என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: கஸ்தூரி ஒரு குடிகாரி. அவள்

(நிறுத்திவிட்டேன். ஒரு ஆணைப் பற்றி இப்படித் தொடங்கியிருந்தால் எனக்குக் கை கூசியிருக்காது.)

இரண்டாவது: மண்ணூர்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிறு சாயங்காலங்களில், குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். கஸ்தூரி அந்த வட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவள் டீ போடுபவள்.

இதை வைத்துக்கொள்கிறேன். அங்கே அவள் ஒருத்திதான் பெண். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. வந்த புதிதில் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏகாம்பரம் (ஆவடியில் ஊழியர் குவார்ட்டர்ஸில் இருந்தவர், பணி ஓய்வு பெற்றவர்) டீப் பாத்திரத்தைக் கொடுத்து, பாலைக் காய்ச்சச் சொன்னார். அந்த வாரம் அவள் குடிக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஞாயிறு என்றால் பால் வாங்க வேண்டும், இஞ்சி தட்ட வேண்டும், யாருக்குச் சர்க்கரை ஆகாது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அவள் தனக்கென்று டீ போட்டுக்கொள்வதில்லை.

பேசும் முறை அவளிடம் வரும் நேரத்தில் அவள் பின்னறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். யாரும் கூப்பிடவில்லை. வற்புறுத்தக் கூடாது என்பதும் அங்கே ரூல்.

3

இன்னொரு ரூலும் உண்டு. டீ வேலை பொங்கலுக்கும் ஆடிக்கும் கை மாறும், புதிதாக வந்தவருக்குப் போகும். கஸ்தூரி இரண்டு முறை ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டாள். பாத்திரம் கையை விட்டுப் போனால் பாட்டில் வந்துவிடும் என்று பயம். இந்த ஆடியில் தள்ள முடியவில்லை. வேலை ஹேமநாதனுக்குப் போனது.

(இவனை எப்படி எழுதுவதென்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் அவனைக் கவிதை எழுதும் ஐடி இளைஞனாக்கியிருந்தேன். கஸ்தூரி சிரித்துவிட்டாள். "அவன் தண்ணி லாரி ஓட்றவன்மா, நூம்பல்ல.")

அந்த ஞாயிறு ஹேமநாதன் பால் பாக்கெட்டுகளோடு மாடியேறி வந்தபோது டீ தயாராக இருந்தது. கஸ்தூரி முன்னாலேயே வந்து போட்டுவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. புதுசு, திணறுவான், அதனால்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள், தானும் நம்பினாள். அவன் பாக்கெட்டுகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"நீயே பாத்துக்கோக்கா. எனுக்கு இன்னா வேலை கீது இங்க."

இறங்கிப் போனவன் அடுத்த ஞாயிறு வரவில்லை.

ஏகாம்பரம் திட்டவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு நானே டீ போட்டிருந்தா நீ இப்ப எங்க இருந்திருப்ப, கஸ்தூரி?"*

* கூட்டம் தொடங்கும் முன் கேட்டது. அதனால் ரூலுக்கு வெளியே.

4

முடிவு அ: ஹேமநாதன் மறுபடி குடித்து, ஒரு மழை நாளில் லாரியோடு

(வேண்டாம். அவனைக் கொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.)

முடிவு ஆ: எல்லோரும் கண்கலங்கிக் கைதட்ட

(வேண்டாம்.)

நடந்தது இது. கஸ்தூரி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நூம்பலில் லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போனாள். அவன் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். குடித்திருந்தானா என்று கேட்டேன். "அத அவன்தான் சொல்லணும்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம பால் வாங்கிக்கினு வா" என்றாளாம் அவனிடம்.

"நீ போட்டாத்தான் நல்லா கீதுன்றாங்க. எனுக்கு சுடுதண்ணி வெக்கவே தெரியாது."

"நான் அடுப்பாண்ட வரமாட்டேன்." குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "நீ வர்லன்னா நான் காலத்துக்கும் டம்ளர் கழுவிக்கினே கெடப்பேன்டா."

5

வந்தான். டீ பாயசம்போல் இருந்தது. சர்க்கரை ஆகாத ஏகாம்பரம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பத்திரமாக நாற்காலிக்கடியில் வைத்தார். கஸ்தூரி முதல்முறையாக வட்டத்தில் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கைகள். இரண்டுக்கும் வேலை இல்லை. பின்னறையில் டம்ளர் உருண்டபோது பாதி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். முறை ஒவ்வொருவராகக் கடந்து வந்தது. பக்கத்தில் இருந்தவர் பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினார்.

பேசினாளா?

கேட்டேன். கஸ்தூரி கடைசித் துணியைப் போட்டு, கிளிப்பைக் குத்தி, வாளியை எடுத்துக்கொண்டாள். "அது உள்ள நடந்தது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இன்று ஞாயிறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே கதவு பூட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பால் பை இல்லாமல், கைவீசி நடந்து போனாள்.

அந்த வட்டத்தில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்குமாம், புதிதாக வருபவருக்காக. நான் போனால் எழுதிவிடுவேன். நீங்கள் போய் உட்காருங்கள். கேட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம்.