பாவு போட்ட தெருவில் ஒரு பைக்

உரக்கடை இளவரசனுக்கு பைக்கில் இரண்டே வேகம்: பறப்பது, நிற்பது. நடுவில் ஒன்று உண்டென்று யாராவது சொல்லியிருந்தாலும் அவர் ஹாரன் சத்தத்தில் அவருக்கே கேட்டிருக்காது.

அன்று காலை பின்சீட்டில் மகள் தேவிப்ரியா. ஏனாத்தூர் காலேஜில் அவளுக்குப் பரீட்சை. கேட்டை மூடிவிட்டால் போச்சு. தெருமுனை திரும்பினால், தெரு நீளத்துக்கும் பாவு. சேலைக்கான பட்டு நூலை மூங்கில் கவைகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி பூசிக் காயவிட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு வண்டிக்கு இடம் இருந்தது. இஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை நம்ம தெருவில் அதுதான் வழக்கம்.

போன வாரம் இவர் மட்டும் பறந்தார். கிளம்பின புழுதியெல்லாம் ஈர நூலில் அப்பிக்கொண்டது. பாவுக்காரர் ராஜகோபால் அதை மறப்பாரா? குறுக்கே வந்து நின்றார்.

“எறங்கி தள்ளிக்கினு போங்க சார்.”

“பொண்ணுக்குப் பரீட்சைபா! ரோடு என்ன உன் வீட்டுக் கூடமா?”

“உங்க ஏர்போர்ட்டும் இல்லியே சார்.”

பாவுக்குக் கஞ்சி பூசிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை இறங்கவிடவில்லை. கவுன்சிலரைத் தெரியும் என்றார், கேஸ் போடுவேன் என்றார். கத்தின நேரத்துக்குத் தள்ளியிருந்தால் ரெண்டு தடவை போய்வந்திருக்கலாம்.

திரும்பிப் பார்த்தால் பின்சீட் காலி.

தெருவின் அந்தக் கோடியில் பாத்திரக்கடை சுகுமாரியின் ஸ்கூட்டரில் தேவிப்ரியா ஏறிக்கொண்டிருந்தாள். தினமும் இவர் ஹாரன் அடித்து, “மாட்டு வண்டி வாங்கிக்கமா!” என்று கத்திவிட்டுப் போவாரே, அதே சுகுமாரி.

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினார்.

“பாத்து சார், ஹேண்டில் நூல்ல படப்போவுது,” என்று ராஜகோபாலின் உபசாரம் வேறு.

மெயின் ரோட்டில் ஸ்கூட்டரைப் பிடித்துவிட்டார். பைப்புக்குத் தோண்டி மூடிய பள்ளம், மேலே சரளைக்கல். சுகுமாரி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். இவர் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது.

“அடிக்காதப்பா!” தேவிப்ரியா திரும்பிக் கத்தினாள். “ஆன்ட்டி பயந்துடுவாங்க. நேரம் இருக்குது!”

மகள் உட்கார்ந்திருக்கும் வண்டி. விரலை எடுத்துக்கொண்டார். ஏனாத்தூர் வரைக்கும் ஸ்கூட்டருக்குப் பின்னால் அதே மாட்டு வண்டி வேகம். பின்னாலிருந்து ஒரு பையன் ஹாரனை அலறவிட்டு, “அங்கிள், தூக்கமா?” என்று கேட்டுவிட்டுப் பறந்தான்.

கேட் திறந்துதான் இருந்தது. தேவிப்ரியா சுகுமாரிக்குக் கையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அப்பாவுக்கு ஆட்டினாளா என்று கேட்டுப் பாருங்கள், இளவரசன் யூரியா விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.