மிஸஸ் பெட்டிக்ரூவின் இரும்புச் சட்டி

மெம்ஃபிஸில் பிறந்து, பட்டாளத்தில் இருந்த சில வருஷங்கள் போக மற்ற நாளெல்லாம் மெம்ஃபிஸிலேயே கழித்த ஒருவர், ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. ஹோசியா பெட்டிக்ரூவுக்கு அது தெரிந்தே இருந்தது. அதனால் தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். ஆகஸ்டு மாத வெயிலில் சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்திருந்தார். வரிசையில் மற்றவர்கள் எல்லோரும் அரைக்கால் சட்டை.

"இந்த வெக்கையில கோட்டு எதுக்குண்ணே? பாக்கறவன் நம்மள சாவுக்குப் போறவங்கன்னு நினைப்பான்" என்றாள் தங்கை வெர்டெல். கையில்லாத மஞ்சள் கவுனும் பெரிய கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். கையில் ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலை.

"அம்மா பேரு விஷயமா போறோம்."

"அம்மா கர்த்தர்கிட்ட போய்ச் சேந்து எத்தனை வருஷமாச்சு. அங்க குளுகுளுன்னு இருப்பாங்க. வேர்த்து ஊத்தறது உனக்குத்தான்."

ஹோசியா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். முழங்கால் வலித்தது. இரண்டு வாரமாகவே தூக்கம் சரியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்தான், சபையில் ஆண்கள் கூடிச் சாப்பிடும் சனிக்கிழமைக் காலை விருந்தில், காப்பி ஊற்றிக்கொண்டே சபைக்காரன் ஏமஸ், டீக்கன் பொறுப்பிலிருந்த அவரிடம் கேட்டான். "ஏன் டீக்கன், உங்கம்மாவோட அந்த இரும்புச் சட்டி இன்னும் வீட்டுல இருக்கா? டூரிஸ்ட் பஸ்காரன் மியூசியத்துல வைக்கக் கேக்கறானாம்." மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை தோள்களும் குலுங்கின. விஷயம் தெரியாத ஒரே ஆள் ஹோசியாதான். விசாரித்தபோது தெரிந்தது. தெற்கு மெம்ஃபிஸில் அவர்களுடைய பழைய வீடு இருந்த இடத்தில் தினமும் பஸ்ஸை நிறுத்தி, அவருடைய தாயைப் பற்றி ஒரு கதை சொல்லி, வெளியூர்க்காரர்களைச் சிரிக்க வைக்கிறான் ஒருவன்.

அவருடைய தாய் ஓஸெல்லா பெட்டிக்ரூ, சபையில் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தவர். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. கதவருகே நின்று ஒரு விரலை அசைத்தால் போதும், அழுகிற பிள்ளை அடங்கும், தாமதமாக வந்தவன் கடைசி வரிசைக்குப் போவான். அவர் குரல் உயர்ந்து ஹோசியா கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவரைக் கதையில் சட்டியோடு தெருவில் ஓடவிட்டிருக்கிறான் ஒருவன். இன்று அந்தக் கதையை இருந்து கேட்பது, முடிந்ததும் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் அது பொய் என்று சொல்வது, இனிமேல் அதைச் சொல்லக்கூடாது என்று அவன் வாயாலேயே வாக்கு வாங்குவது என்பது திட்டம். அதற்கான வார்த்தைகளைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

பஸ் வாசலில் வழிகாட்டி ட்ராவிஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். நாற்பது வயது வெள்ளைக்காரன். பின்னால் சின்னக் குடுமி. அன்றைக்கு அது மூன்றாவது நடை. தொண்டை கட்டியிருந்தது. வெர்டெல்லைப் பார்த்ததும் கண்ணடித்தான். எல்லோரையும் பார்த்துக் கண்ணடிக்கிற ஜாதி என்று ஹோசியா நினைத்துக்கொண்டார்.

"வாங்கய்யா. பேரு?"

"பெட்டிக்ரூ."

"அது சரிங்கய்யா, உங்க பேரு? பாட்டு நடுவுல பேரச் சொல்லிக் கூப்பிடுவோம், ஜாலியா இருக்கும்."

"அது வீட்டுல கூப்பிடற பேரு."

ட்ராவிஸ் சிரித்து ஒதுங்கி வழிவிட்டான். வெர்டெல் வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த ஹோசியா, இருக்கையில் முதுகைச் சாய்க்கவில்லை. சாய்ந்து உட்காருகிற பழக்கம் அவர் வளர்ந்த வீட்டில் யாருக்கும் வாய்த்ததில்லை. பஸ் பீல் தெருவைக் கடந்து ஆற்றோரமாகப் போயிற்று. குளிர்சாதனம் முனகியதே தவிரக் குளிரவில்லை. ட்ராவிஸ் ஒரு பாட்டைப் பாதி பாடுவான், நிறுத்துவான், ஏதோ ஒரு கட்டடத்தைக் காட்டுவான், தொண்டை மாத்திரை ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வான். ஒஹாயோவிலிருந்து வந்திருந்த ஒரு கிழவனும் கிழவியும் மாறி மாறிக் கொட்டாவி விட்டார்கள். காலையிலிருந்து பாட்டுக்காரர்களின் வீடு வீடாக, ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் பார்த்துக் களைத்த கூட்டம். பாட்டென்றால் உயிரை விடுகிறவர்கள்கூட மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

கறுப்பர் உரிமைக்குப் போராடிய டாக்டர் கிங் சுடப்பட்ட மோட்டலின் முன்னால் பஸ் மெதுவானது. ட்ராவிஸ் கிதாரின் தந்திகளைக் கையால் மூடினான். ஹோசியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பஸ் தெற்கே திரும்பியது. தொப்பியை மறுபடி போடக் கை தூக்கவே அலுப்பாக இருந்தது. மடியிலேயே விட்டுவிட்டார்.

"தூக்கம் வருதா?" என்றாள் வெர்டெல்.

"இல்ல."

"கடலை?"

"வேணாம்."

"எல்லாத்துக்கும் வேணாம், இல்ல. அப்பா மாதிரியே."

தெரு பழகிய தெருவானதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். முடிதிருத்தும் கடை, மூடிக்கிடந்த மீன் கடை, சபையின் செங்கல் சுவர். அந்த முனையில்தான் அந்தக் காலத்தில் வெள்ளைக்கார இன்ஷூரன்ஸ்காரன் காரை நிறுத்துவான். சாவுச் செலவுக்கான இன்ஷூரன்ஸ். வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிப் போவான். தெருவில் எந்தக் கறுப்பர் வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு எல்லாப் பெண்களும் வெறும் பேர்தான். பாட்டி வயதானாலும் "ஏ, லூயிஸ்", "ஏ, பெர்த்தா." அம்மா வீட்டு வாசலில் வந்து "ஏ, ஸெல்லா" என்பான். வலைக்கதவுக்குப் பின்னால் அம்மா நிற்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கதவு திறக்காது. மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை அவன் கால்சட்டை முழங்கால்வரை நனைகிறவரை நின்று, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு "மிஸஸ் பெட்டிக்ரூ" என்றான். கொக்கி கழன்றது. "உள்ள வாங்க, துடைச்சிக்க துண்டு தரேன்" என்றார் அம்மா. குரல் உயரவில்லை.

பஸ் நின்றது.

வீட்டை இடித்து நாளாகிவிட்டது. கான்கிரீட் படிகள் மூன்று மட்டும் எங்கேயும் ஏறாமல் புல்லின் நடுவே நின்றன. எதிரே அந்தக் காலத்துப் பாட்டு ஸ்டூடியோ, இப்போது அது மியூசியம்.

"இப்ப எல்லாரும் முழிச்சிக்கங்க" என்றான் ட்ராவிஸ். தொண்டை கரகரத்தாலும் குரலில் ஒரு தெம்பு வந்தது. "அந்தப் படி தெரியுதா? அங்கதான் இருந்தாங்க பிக் ஸெல்லா. மெம்ஃபிஸ்லயே நல்ல கோழி வறுவல் அவங்க கை வறுவல். ஒரு ஞாயித்துக்கிழமை, பாஸ்டர் வருவார்னு வறுத்து வச்ச கோழிய, எதிர் ஸ்டூடியோவுல பாடிட்டிருந்த பாட்டுக்காரர் ஒருத்தர் ஜன்னல் வழியா கை விட்டு எடுத்துட்டு ஓடிட்டாரு. பேரச் சொல்ல மாட்டேன், அவர் பாட்டு உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கு. பிக் ஸெல்லா விடுவாங்களா? இரும்புச் சட்டிய எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டம். அவர் உள்ள போய் கதவச் சாத்திக்கிட்டாரு. இவங்க சட்டியால கதவ டங்கு, டங்கு, டங்கு. உள்ள ரெக்கார்டிங் ஓடிட்டிருக்கு. அந்தப் பாட்டுல நடுவுல ஒரு மணிச் சத்தம் வரும், கேட்டிருக்கீங்களா? அது மணி இல்லைங்க."

கிதாரின் முதுகில் விரலால் மூன்று தட்டுத் தட்டினான். பஸ் முழுக்கச் சிரித்தது. ஒஹாயோக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிக் ஸெல்லா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். காலையிலிருந்து செத்துக் கிடந்த கூட்டத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"இறங்கி போட்டோ எடுத்துக்கங்க. படியில உக்காரலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ட்ராவிஸ் முதலில் இறங்கினான்.

ஹோசியா முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். வெர்டெல் கோட்டு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருண்ணே."

"விடு. அந்தப் பயல..."

"அவன ஒண்ணும் சொல்லாத. கதைய அவனுக்குச் சொன்னதே நான்தான்."

அவர் உட்கார்ந்தார்.

"போன கோடையில புல்லு பிடுங்க வந்திருந்தேன்" என்றாள் வெர்டெல், கண்ணாடியைக் கழற்றி. "படியில உக்காந்திருந்தேன். பஸ் ஸ்டூடியோவப் பாத்து நின்னுது. அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு ஆள் திரும்பல. என்ன இருக்கு இங்க, காலி மனை. அப்புறம் இவன் இறங்கி வந்து, இங்க யாரும்மா இருந்தாங்கன்னு கேட்டான். சொன்னேன்."

"பொய் சொன்ன."

"கால்வாசி. பிக் ஸெல்லா அவன் சேத்தது. நான் ஓஸெல்லான்னுதான் சொன்னேன்."

"அம்மா சட்டி தூக்கிட்டு ஓடினாங்களா?"

"ஓடல. நடந்தாங்க. ஆனா சட்டி கையில இருந்துச்சு."

ஹோசியா அவளைப் பார்த்தார்.

"நீ அப்ப ஜெர்மனியில பட்டாளத்துல இருந்த. உனக்கு என்ன தெரியும்? நான் இந்தப் படியில நின்னு பாத்தவ" என்றாள் அவள். "கோழியும் இல்ல, பாட்டுக்காரனும் இல்ல. ஸ்டூடியோவுல புதுசா ஒரு வெள்ளைக்கார ஆளு, மேனேஜரோ என்னமோ. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, 'ஏ ஸெல்லா, பசங்களுக்கு நாலு தட்டு சோறு அனுப்பு'ன்னு கத்தினான். அம்மா சட்டி தேய்ச்சிட்டு இருந்தாங்க. அப்படியே ஈரத்தோட தெருவத் தாண்டிப் போனாங்க. அவன் உள்ள போயிட்டான். கதவத் தட்டினாங்க. சட்டியாலதான். ஏன்னா ஒரு கையில சட்டி, இன்னொரு கையில கரித்துணி. திறந்தான். 'யாரக் கூப்பிட்டீங்க?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரியாச் சொல்ற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் நாலு தட்டு அனுப்பினாங்க. நான்தான் கொண்டு போனேன்."

வெளியே ஒஹாயோக் கிழவன் படியில் உட்கார, கிழவி படம் எடுத்தாள். ஹோசியா அதைப் பார்த்தபடியே இருந்தார்.

"இத ஏன் அவன்கிட்டச் சொல்லல?"

"இதச் சொன்னா பஸ்ல யாரு சிரிப்பா? சிரிக்கலன்னா அவன் நிறுத்துவானா?" கடலைத் தோலைப் பொட்டலத்துக்குள்ளேயே போட்டு மடித்தாள். "நீ எழுந்து எல்லாம் பொய்ன்னு சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்கு. நாளைலேர்ந்து பஸ் இங்க நிக்காது. அம்மா பேர யாரும் கெடுக்க மாட்டாங்க. சொல்லவும் மாட்டாங்க."

ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். வியர்வையும் சிரிப்புமாக வந்து அவரவர் இடத்தில் விழுந்தார்கள். ட்ராவிஸ் மைக்கை எடுத்து, "எல்லாரும் வந்தாச்சா? பிக் ஸெல்லாவுக்கு டாட்டா சொல்லுங்க" என்றான்.

ஹோசியா எழுந்தார். இந்தத் தடவை வெர்டெல் கோட்டைப் பிடிக்கவில்லை. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. இருக்கைக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். மூச்சு வாங்கியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமல் இருந்தார்.

"நீங்க சொன்னவங்க எங்கம்மா" என்றார்.

ட்ராவிஸின் முகம் மாறியது. "ஐயா, நான் தப்பா எதுவும்... அந்த அம்மாதான்..." என்று வெர்டெல்லைக் காட்டினான்.

"தெரியும். கதையில நான் குறை ஒண்ணும் சொல்லல. சட்டி இருந்துட்டுப் போகட்டும்." ஒரு மூச்சு விட்டார். "ஆனா அவங்க உங்களுக்கு ஸெல்லா இல்ல. பிக் ஸெல்லாவும் இல்ல. எங்கப்பா ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடுவார். மத்த எல்லாருக்கும் அவங்க மிஸஸ் பெட்டிக்ரூ. அப்படிச் சொல்லாதவனுக்கு இந்த வீட்டுக் கதவு திறந்ததில்ல. மழையில நின்னிருக்காங்க, வெள்ளைக்காரங்க."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. ஒஹாயோக் கிழவி கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ட்ராவிஸுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

"சரிங்கய்யா."

"சரின்னா?"

"மிஸஸ் பெட்டிக்ரூ."

"அதுல சொல்லுங்க." மைக்கைக் காட்டினார்.

ட்ராவிஸ் மைக்கை வாயருகே கொண்டுபோனான். தொண்டையைச் செருமினான். "இந்த வீட்டுல இருந்தவங்க மிஸஸ் ஓஸெல்லா பெட்டிக்ரூ" என்றான். கரகரத்த குரல் பஸ்ஸின் பின் மூலைவரை போயிற்று. ஹோசியா தலையை ஒரு முறை அசைத்தார், உள்ளே வரலாம் என்பதுபோல.

திரும்பி வர வெகு நேரம் பிடித்தது. அவர் உட்கார்ந்த பிறகுதான் பஸ் கிளம்பியது. இறங்கி நடந்தால் அவர் வீடு பக்கத்துத் தெருதான். ஆனால் கிளம்பிய இடத்தில்தான் இறக்கிவிடுவார்களாம். இன்னும் பாதி ஊர் பாக்கி. ட்ராவிஸ் கிதாரைத் தொட்டான், விட்டான், ஜன்னலைப் பார்த்தான். அடுத்த பாட்டை எடுக்க அவனுக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

ஹோசியா இருக்கையில் முதுகைச் சாய்த்தார். கழுத்துப் பட்டையின் முடிச்சைத் தளர்த்தினார். வெர்டெல் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பொட்டலத்தை நீட்டினாள். அவர் ஒரு கடலை எடுத்து உரித்தார்.

"நம்ம முன்னாடி சொல்லிட்டான்" என்றாள் அவள். "நாளைக்கு நாம இல்லாதப்ப மறுபடியும் பிக் ஸெல்லான்னு ஆரம்பிச்சான்னா?"

அவர் கடலையை மென்று முடித்தார். கண் செருகிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு என்னால முடியாது, கால் தாங்காது" என்றார். "வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடு."