கன்னத்துக்கு எந்த நிறம்

"யாரு இது?" என்று கேட்டாள் யுதெல்கா. அவள் கையிலிருந்த ஹேர் டிரையர் நிறுத்தப்படாமல் ஊதிக்கொண்டே இருந்தது.

சுவரோரம் சாய்த்து வைத்த படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நெரெய்தா சொன்னாள்: "நான்தான்மா."

நாற்காலியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த இசவுராக்கா வெடுக்கென்று திரும்பியதில் அவள் காது சுட்டுவிட்டது. சூட்டைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. "கடவுளே! நம்ம பொண்ணு இவ்வளவு கறுப்பா? கரும்புத் தோட்டத்துக்குப் பொழைக்க வந்த ஹைத்திக்காரி மாதிரில்ல இருக்கு!"

சனிக்கிழமை. வீட்டின் முன்னறைதான் யுதெல்காவின் பார்லர். ரோலர் சுற்றிய தலைகளோடு முறை வரக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். யுதெல்கா சிரிக்கவில்லை. டிரையரை அணைத்துவிட்டுப் படத்தின் முன் வந்து நின்றாள்.

ஓர் ஆள் அகலத் துணியில் ஒரு பெண்ணின் முகமும் தோளும். தோல் நிறம் காய்ந்த கொக்கோ விதையின் நிறம். நெற்றிக்கு மேல் மயிர் சுருண்டு சுருண்டு எழும்பி, படத்தின் மேல் விளிம்பையே தொட்டுக்கொண்டிருந்தது.

"ஊர்ப் பொம்பளைங்க தலையெல்லாம் பட்டு மாதிரி ஆக்கி அனுப்பறேன். என் பொண்ணு தேங்கா நார் மாதிரி தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு சுவத்துல நிக்கறா. என் கடை வாசல்ல நானே துப்பிக்கிட்ட மாதிரி இருக்குடி."

"கண்ணாடியில இருக்கறதைத்தான்மா வரைஞ்சேன்."

"கண்ணாடியில இருக்கறதையெல்லாம் வெளியில காட்டணுமா? வர்றவங்க பாக்கறதுக்குள்ள எடுத்து உள்ள வை."

நெரெய்தா படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க அவள் முன்னறைப் பக்கமே வரவில்லை.

அவர்கள் ஊரான சான் பெத்ரோவில் மேல்நிலைப் படிப்பின் கடைசி மூன்று வருஷத்துக்குக் கலைப்பிரிவு எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் அவள் அப்பா ஃபவுஸ்தோ சந்தோஷம்கூடப் பட்டார். கடற்கரை ஓட்டல் வாசல்களில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறார்களே, சிவப்புப் பூத்த மரமும் நீலக்கடலும் ஓலைக்குடிசையும் போட்ட படங்கள், அதுபோல் மகளும் வரையப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நெரெய்தாவும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முதல் வருஷம் வண்ணத்தையே கண்ணில் காட்டவில்லை. பென்சிலும் கரியும்தான். வெள்ளையிலிருந்து கறுப்புவரை கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம் தீட்டச் சொன்னார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கிழித்துப்போட்டு மறுபடி. கசக்கிப் போட்ட காகிதப் பையை வாரக்கணக்கில் வரைந்தாள். நாற்காலியை வரையாதே, நாற்காலிக் கால்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வரை என்றார் எவரிஸ்தோ சார். வரைந்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை சுவரில் குத்தி வைத்து, வகுப்பு மொத்தமும் சுற்றி நின்று ஒவ்வொருவரும் குறை சொல்ல வேண்டும். முதல் மாதம் அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அழகா இருக்குன்னு ஒரு தடவைகூட சொல்ல மாட்டேங்கறாங்கப்பா."

"அழகுன்னு சொல்லாத இடத்துக்கு எதுக்கும்மா போறே?" என்றார் ஃபவுஸ்தோ. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இரண்டாம் வருஷம் வண்ணம் வந்தது, கூடவே வடிவமைப்பும். எழுத்துகள், சுவரொட்டிகள், காப்பித்தூள் பொட்டலத்துக்கு மேலுறை, துணியில் அச்சு. ஒரே படத்தைப் பத்து விதமாக யோசித்து, ஒன்பதை ஏன் தள்ளினாய் என்று எழுதித் தர வேண்டும். இரவும் பகலும் கையில் சாயம். மற்ற பிரிவுப் பிள்ளைகள், "மக்குங்க போற கிளாஸ்" என்று கேலி செய்தார்கள். கணக்குப் பாடத்துக்குக்கூட நெரெய்தா இத்தனை நேரம் விழித்ததில்லை.

மூன்றாம் வருஷம் சொந்தப் பொருள். அவரவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அதையே துருவி, தலைநகரில் எல்லாக் கலைப்பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் கண்காட்சியில் வைத்து, நடுவர் முன் நின்று பேச வேண்டும். நெரெய்தா தன் முகத்தை எடுத்துக்கொண்டாள். தலை குளித்துவிட்டு, அம்மா சீப்போடு வருவதற்குள் கண்ணாடி முன் உட்கார்ந்து வரைவாள். கன்னத்து நிறத்தைக் கலக்கத்தான் அதிக நாள் பிடித்தது. செம்மண் நிறச் சாயத்தில் நீலம் விட்டாள், ஊதா விட்டாள், கொஞ்சம் பச்சைகூட விட்டாள். ஒருநாள் கலவையைக் கையில் தொட்டுக் கன்னத்தில் இட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். இட்ட இடம் தெரியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

எவரிஸ்தோ சார் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டே, "கொஞ்சம் வெளிச்சம் ஏத்திடலாமா?" என்றார்.

"எந்தப் பக்கத்துலேருந்து சார்?"

"பொதுவா. நெத்தி, மூக்கு, கன்னம். முடியையும் கொஞ்சம் அடக்கினா முகம் எடுப்பா வரும்."

"ஜன்னல் இடப்பக்கம் இருக்கு சார். வெளிச்சம் விழற இடத்துல விழுந்திருக்கு. வெளிச்சம் வராத இடத்துல வெள்ளை போடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவருடைய தோலும் வெள்ளையில்லை. தலையை ஒட்ட வழித்திருந்தார். "பரிசு வேணும்னா சொல்றேன். வேணாம்னா உன் இஷ்டம்," என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

யுதெல்காவின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஃபவுஸ்தோவின் அக்கா மகன் இந்த ஊரிலேயே பிறந்தவன். போன வருஷம் வேலைக்குப் போகும் வழியில் குடியேற்றத் துறையின் பச்சைச் சட்டைக்காரர்கள் பேருந்தை நிறுத்தி, பேச்சைக் கேட்காமல், முகத்தைப் பார்த்து ஹைத்திக்காரன் என்று லாரியில் ஏற்றினார்கள். எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். வாழ்நாளில் பார்த்திராத பக்கத்து நாடான ஹைத்தியிலிருந்து அவன் திரும்பி வருவதற்குள் அவன் வேலை போய்விட்டது. அன்றிலிருந்து மகள் தலையை நேராக்காமல் தெருமுனைக் கடைக்குக்கூட யுதெல்கா அனுப்புவதில்லை. இதை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. "அசிங்கமா இருக்கு," என்று மட்டும்தான் சொல்வாள்.

கண்காட்சியன்று விடியற்காலையில் தாயும் மகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள்.

"படம் உன் இஷ்டம். தலை என் இஷ்டம்," என்றாள் யுதெல்கா.

நெரெய்தா உட்கார்ந்தாள். ரோலர், டிரையர், சூட்டுச் சீப்பு. முடி நேராகி முதுகில் விழுந்தது. முகத்துக்கு வெளிர்ப் பவுடரும் பூசிவிட்டாள் அம்மா. "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே," என்று நெற்றியில் முத்தமிட்டு ஆசீர்வதித்தாள்.

தலைநகரில் இருவரும் போய்ச் சேர்ந்த கண்காட்சி மண்டபம் குளிரூட்டப்பட்டிருந்தது. நெரெய்தாவின் படத்துக்குக் கழிவறைக்குப் போகும் நடையில் இடம் கொடுத்திருந்தார்கள். வெகு நேரம் கழித்து நடுவரம்மா வந்தாள். வெள்ளை உடை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. படத்தின் முன் நின்று பெருமூச்சு விட்டாள்.

"என்ன ஒரு முகம்! இந்தப் பொண்ணு எங்கம்மா கிடைச்சா உனக்கு? உங்க ஊர்க் கரும்புத் தோட்டத்துலயா?"

"இல்லங்க. இது நான்தான்."

"ஓ! அவ இடத்துல உன்னை வச்சுப் பாத்திருக்கே. அருமை."

"அப்படியில்லங்க. நிஜமாவே நான். கண்ணாடியைப் பாத்து வரைஞ்சது."

நடுவரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நேரான முடி, வெளிறிய முகம். கனிவாகச் சிரித்தாள். "ரொம்ப அடக்கமான பொண்ணு நீ. ஆனா நீ மாநிறம்மா. இவ எங்கே, நீ எங்கே? ஏழை அகதி மேல இந்த வயசுல இவ்வளவு பரிவு... இதைக் கட்டாயம் குறிச்சுக்கறேன்."

நெரெய்தா அம்மாவைப் பார்த்தாள். யுதெல்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெரெய்தா விறுவிறுவென்று கழிவறைக்குள் போனாள். குழாயைத் திறந்து தலையை அடியில் கொடுத்தாள். பின்னாலேயே ஓடிவந்த யுதெல்கா வாசலில் நின்றுவிட்டாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் அவளுடைய காலை வேலை சுருண்டுகொண்டது. திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. கிட்டே போய், சட்டைக் கழுத்து நனையாமல் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பவுடர் வழிந்து தொட்டியில் வெள்ளையாக ஓடியது.

ஈரத்தலையோடு நெரெய்தா தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரும்பி வந்த நடுவரம்மா முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ," என்றாள். கையிலிருந்த குறிப்பில் எழுதியிருந்த எதையோ அடித்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

எவரிஸ்தோ சார் ஓடி வந்தார். "என்ன காரியம் பண்ணே? ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா பரிசு உன் கையில!"

"யார் படத்துக்கு சார்?" என்று கேட்டாள் நெரெய்தா.

பரிசு, சிவப்புப் பூ மரமும் கடலும் வரைந்த ஒரு பையனுக்குப் போயிற்று. நெரெய்தாவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைத்தது. தோற்றத்தில் ஒழுங்கு என்ற இனத்தில் மட்டும் கழித்திருந்தார்கள்.

திரும்பும் பேருந்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். படம் நெரெய்தாவின் மடியில் நிமிர்ந்து இருந்தது. சாயம் உரசக்கூடாதென்று முகத்தை வெளிப்பக்கம் வைத்துப் பிடித்திருந்தாள். ஜன்னல் காற்றில் தலை காய்ந்து அகன்றுகொண்டே வந்தது. யுதெல்கா ஒருமுறை கையை உயர்த்தி அதை அமுக்கப் போனாள். பாதி வழியில் கை இறங்கிவிட்டது.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்தை நிறுத்தினார்கள். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் ஏறி, இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நெரெய்தாவிடம் நின்றான். படத்தைப் பார்த்தான்.

"இது நீதானே?"

"ஆமா."

"யார் வரைஞ்சது?"

"நானே."

"அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" என்று உண்மையாகவே வியந்தான். பிறகு, "எழுந்து இறங்கு," என்றான்.

"ஐயா, அவ என் பொண்ணு. இங்கதான் பொறந்தா," என்று எழுந்தாள் யுதெல்கா.

அவன் அவளுடைய நேர் முடியையும் வெளிர்த் தோலையும் பார்த்தான். "நீங்க உக்காருங்கம்மா. அவ மட்டும்தான்."

"அவ இறங்கினா நானும் இறங்குவேன்."

இருவரும் இறங்கினார்கள். சாலையோரத்தில், ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்த லாரியின் பக்கத்தில், வெயிலில் நின்றார்கள். யுதெல்கா ஃபவுஸ்தோவுக்கு போன் செய்தாள். அவர் யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு பிறப்புச் சான்றிதழோடு வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை நெரெய்தா, லாரியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களில் பலர் அவளுடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகச் சான்றிதழ் கொண்டுவர யாரும் வரவில்லை.

அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பொண்ணு தலையைக் கொஞ்சம் நேராக்கி வெளியில அனுப்புங்க. எங்களுக்கும் குழப்பம் இருக்காது."

ஃபவுஸ்தோ தலையாட்டினார். அவர் கறுத்த முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எதற்கும் தலையாட்டி வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

யுதெல்கா மகளின் தலையில் கை வைத்தாள். நுனிவிரலால் ஒரு சுருளை இழுத்துவிட்டாள். அது திரும்பப் போய்ச் சுருண்டுகொண்டது.

"நான் சான் பெத்ரோவுல பார்லர் வச்சிருக்கேன் சார். என் பொண்ணு தலை எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். இது நல்லாத்தான் இருக்கு," என்றாள்.